கல்லூரி விண்ணப்பக் காணொளியும் நன்னூல் விதியும்

தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பது தமிழர் கல்வி மரபில் ஆழ வேரூன்றிய கொள்கை. கிராமத்துப் பாடசாலையிற் பயிலும் மாணவன் அவையில் எழுந்து தன் திறமையைத் தானே எடுத்துரைக்கக் கூசுவான். அக்கூச்சமே பண்பு என்று வீட்டாரும் ஆசிரியரும் அவனைப் பழக்கியிருப்பர். அத்தகைய மாணவனிடம், அவனைப் பற்றி அவனே இரண்டு நிமிடம் பேசி, அதனைக் காணொளியாகப் பதிந்து அனுப்புமாறு கடல் கடந்த கல்லூரி ஒன்று கேட்குமாயின், அவன் திகைத்து நிற்பது இயல்பே. சிலர் அத்திகைப்பால் விண்ணப்பத்தையே கைவிடுவர். வேறு சிலர் பிறர் எழுதிக் கொடுத்த புகழுரையை மனனஞ் செய்து ஒப்புவிப்பர். இவ்விரண்டும் இழப்பே. இத்திகைப்பைத் தீர்க்கும் வழி தமிழிலக்கண நூலொன்றிலேயே இருக்கின்றது என்பது பலரும் எண்ணிப் பாராத செய்தி.

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே நிலாவெளி, குச்சவெளி ஆகிய ஊர்களைக் கடந்து செல்வோர் திரியாயை அடைவர். கடலும் வயலும் அருகருகே அமைந்த பழைய ஊர் அது. 1985ஆம் ஆண்டின் வன்செயல்களில் வீடு வாசல் இழந்து இடம்பெயர்ந்த அவ்வூர் மக்கள், பல்லாண்டுகள் கழிந்த பின்னரே மீளக் குடியேறத் தொடங்கினர். அவ்வூர் மாணவன் ஒருவன் இலங்கைப் பல்கலைக்கழகம் ஒன்றிற் சேர விரும்பினால், தன் முகத்தையோ குரலையோ எவருக்கும் காட்ட வேண்டியதில்லை. கல்விப் பொதுத் தராதர உயர்தரப் பரீட்சையில் அவன் பெறும் இசட் புள்ளியே அவனுக்காகப் பேசும். மருத்துவம், பொறியியல் முதலிய கற்கைநெறிகளுக்குரிய இடங்களில் 40 சதவீதம் நாடளாவிய திறமையின்படியும், 55 சதவீதம் மாவட்டங்களின் மக்கள்தொகையின்படியும், எஞ்சிய 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கியவை என வகுக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் பகிரப்படுகின்றன. திருகோணமலை அப்பதினாறனுள் ஒன்று. இசை, நடனம், சித்திரம் போன்ற சில துறைகளுக்கு மட்டுமே செய்முறைத் தேர்வு ஒன்று தனியே நடைபெறும்.

இம்முறையில் ஒன்று நோக்கத்தக்கது. மாணவன் எத்தகைய இடத்திலிருந்து வந்தான் என்பதை அவன் சொல்லாமலே விதி சொல்லிவிடுகின்றது. மாவட்டத்தின் பெயரே அவனது சூழலுக்குச் சான்றாகின்றது. கடல் கடந்த கல்லூரிகளின் முறையோ வேறு. அங்குள்ள தெரிவுக் குழுவினருக்குத் திரியாய் எங்குள்ளது என்பதே தெரியாது. அவ்வூர்ப் பாடசாலையில் ஆய்வுகூடம் இருந்ததா, ஆசிரியர் போதிய அளவு இருந்தனரா, மாணவன் எத்தனை மைல் நடந்து படித்தான் என்பவற்றை எந்த விதியும் அவர்களுக்கு அறிவியாது. ஆகவே, இங்கே விதி உரைப்பதை அங்கே மாணவனே உரைக்க வேண்டியவனாகின்றான். காணொளியின் தேவை இவ்விடத்திற்றான் தோன்றுகின்றது.

இவ்வழக்கம் நெடுங்கால வரலாறுடையதன்று. ஐக்கிய அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம், 2010ஆம் ஆண்டு சேர விரும்பிய மாணவரிடம், விரும்பினால் ஒரு நிமிடக் காணொளி ஒன்றை யூடியூப் தளத்தில் இட்டு அனுப்பலாம் என்று அறிவித்தது. ஏறத்தாழ 15,000 விண்ணப்பதாரருள் 1,000 பேர் வரையில் அனுப்பினர். அவற்றுட் பலராலும் பேசப்பட்டது, யானை வடிவில் தான் செய்த சிறு பறப்பு இயந்திரத்தை ஒரு மாணவன் தொலைவிலிருந்து இயக்கிக் காட்டிய காணொளியாகும். யானை அப்பல்கலைக்கழகத்தின் சின்னம். அம்மாணவனை நினைவில் நிறுத்தியது அவன் செய்த பொருளே. தன்னைப் புகழும் அடைமொழிகள் அவனுக்குத் தேவைப்படவில்லை.

2014ஆம் ஆண்டில் மேரிலாந்து மாநிலத்துக் கௌச்சர் கல்லூரி மேலும் ஒரு படி சென்றது. பாடசாலைப் புள்ளிப் பதிவேட்டுக்குப் பதிலாக, இரண்டு நிமிடக் காணொளியையும் மாணவன் செய்த இரண்டு ஆக்கங்களையும் கொண்டே விண்ணப்பிக்கலாம் என அது இடமளித்தது. படப்பிடிப்பின் பகட்டுக்குப் புள்ளியில்லை என்பதும் அங்கே தெளிவாக்கப்பட்டது. பின்னர் 2018ஆம் ஆண்டளவில் சிக்காகோ, பிரௌன் ஆகிய பல்கலைக்கழகங்கள், பழைய மாணவர் நேரிற் கண்டு உரையாடும் முறையை விடுத்து, விரும்புவோர் சிறு அறிமுகக் காணொளி அனுப்பும் முறையை மேற்கொண்டன. நேர்காணலுக்கு வாய்ப்பற்ற தொலைநாட்டு மாணவனுக்கும், அக்கல்லூரியின் பழைய மாணவர் பலர் வாழும் நகரத்து மாணவனுக்கும் இதனால் ஒரே வாயில் திறந்தது. இவ்விதிகள் ஆண்டுதோறும் மாறுந் தன்மையன. நேர அளவும் கேள்வியும் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். ஆதலின், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவித்தலை வாசித்தறிதலே முதற் கடமை.

கல்லூரிகள் இதனை ஏன் கேட்கின்றன? எழுத்துக் கட்டுரையைப் பெற்றோரோ, பணம் பெறும் முகவரோ, இந்நாளிற் கணினியோ எழுதிவிடக்கூடும். ஒருவன் தன் வாயாற் பேசும்போது, எண்ணம் அவனுடையதா என்பது ஓரளவு புலப்படும். தெரிந்ததைச் சொல்பவன் குரலுக்கும், மனனஞ் செய்ததை ஒப்புவிப்பவன் குரலுக்கும் உள்ள வேறுபாடு ஆசிரியத் தொழிலிற் பழகிய எவர்க்கும் தெரியும்.

எனினும் இம்முறைக்கு எதிராகக் கூறப்படும் நியாயங்களும் புறக்கணிக்கத்தக்கன அல்ல. முகத்தைக் காண்பவர் முகத்தால் மயங்கக்கூடும். நிறமும், உடையும், பின்னே தெரியும் வீட்டுச் சுவரும், ஆங்கில உச்சரிப்பும் காண்பவரின் உள்ளத்தில் அவரறியாமலே எடை பெறலாம். புள்ளிக்கு முகமில்லை என்பதே அதன் பெரிய நன்மை. செல்வர் வீட்டுப் பிள்ளை படப்பிடிப்பாளரைக் கூலிக்கு அமர்த்தலாம். திரியாய் மாணவிக்குக் கைத்தொலைபேசியே இரவலாயிருக்கலாம். இக்குறைகளை உணர்ந்தே பல கல்லூரிகள் இதனைக் கட்டாயமாக்காது விருப்பத்திற்கு விட்டுள்ளன. ஆகவே, காணொளி அனுப்பாமை குற்றமன்று. ஆனால் தன் நிலையைப் பிறர் அறிய வேறு வழியில்லாதவன் கூச்சம் ஒன்றினாலேயே அவ்வாய்ப்பைத் தவிர்ப்பது சரியா என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு விடையிறுப்பது நன்னூல். பதின்மூன்றாம் நூற்றாண்டில், சீயகங்கன் என்னுந் தலைவன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய அந்நூல், தன் பாயிரப் பகுதியில் இப்பொருளை நேராகவே எடுத்து ஆராய்கின்றது. பல துறைகளையும் கற்று முடித்தவனாயினும் ஒருவன் தன்னைத் தான் புகழ்தல் தகுதியன்று என்பது அதன் பொது விதி. அதனாலேயே ஒருவனது நூலுக்கு அவனுடைய ஆசிரியனோ, உடன் கற்றவனோ, மாணாக்கனோ, உரையாசிரியனோ பாயிரம் உரைக்க வேண்டும் என அது வகுத்தது. இன்று விண்ணப்பத்தோடு ஆசிரியர் எழுதி அனுப்பும் பரிந்துரைக் கடிதம் அப்பாயிரத்தின் இனமே.

ஆயின், அப்பொது விதியைக் கூறிய நன்னூலே அதற்கு நான்கு விலக்குகளையும் கூறுகின்றது. அரசனது அவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதவர் நடுவிலும், அவையில் வாதத்தில் வெல்லவேண்டிய வேளையிலும், எதிரி தன்னைப் பழித்த காலத்திலும் புலவன் தன்னைத் தான் எடுத்துரைத்தல் தகும் என்பது அவ்விலக்கு. இவற்றுள் முதல் இரண்டும் கல்லூரி விண்ணப்பத்துக்கு அப்படியே பொருந்துகின்றன. விண்ணப்பம் என்பது ஓலை. அதனைப் பெறுவோர் மாணவனின் ஆற்றலை அறியாதவர். எனவே, கடல் கடந்த கல்லூரிக்குத் தன்னை அறிவிக்கும் மாணவன் மரபை மீறுகின்றான் அல்லன். மரபு வெளிப்படையாக இடமளித்த நிலத்திலேயே நிற்கின்றான்.

இவ்விலக்கு வரம்பற்ற உரிமையன்று என்பதும் உணரத்தக்கது. அறியாதவருக்கு அறிவித்தலே அதன் நோக்கம். அறிவித்தல் வேறு, பெருமை பேசுதல் வேறு. “நான் கடின உழைப்பாளி, தலைமைப் பண்பு மிக்கவள்” என்பது பெருமை. கேட்பவர் அதனைச் சரிபார்க்க வழியில்லை. “இக்கிணற்றின் நீர்மட்டத்தை ஓராண்டாக வாரந்தோறும் அளந்தேன், இதோ குறிப்பேடு” என்பது அறிவித்தல். கேட்பவர் அதிலிருந்து உழைப்பைத் தாமே உய்த்துணர்வர்.

இவ்வேறுபாட்டுக்குத் திரியாயிலேயே பழைய சான்று ஒன்று உண்டு. அவ்வூர்க் குன்றின்மீது பழம் பௌத்த தூபி ஒன்று இருக்கின்றது. அவ்விடத்துப் பாறையில், ஏறத்தாழ ஏழாம் அல்லது எட்டாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும், பல்லவ கிரந்தத்தை ஒத்த எழுத்தில் அமைந்த வடமொழிக் கல்வெட்டு ஒன்று காணப்படுகின்றது. கிரிகண்டி என்னும் அச்சைத்தியத்தோடு தொடர்புடைய வணிகக் குழுவினரை அக்கல்வெட்டு திரபுஸ்ஸகர், வல்லிககர் என்று பெயர் சுட்டி, கடலிற் கலஞ் செலுத்துவதில் வல்லவர், பொருள் ஏற்றிச் சென்று வாங்கி விற்பவர் என்று அறிவிக்கின்றது. அவர்களை நேரிற் கண்டறியாத இன்றைய வாசகரும், அவர் யார், எத்தொழில் வல்லார், யாது செய்தார் என்னும் மூன்றையும் அச்சில வரிகளால் அறிய முடிகின்றது. பெயரும் தொழிலும் செயலும் கூறினமையாலேயே அவ்வறிமுகம் பல நூற்றாண்டு கடந்தும் நிற்கின்றது. இரண்டு நிமிடக் காணொளிக்கு வேண்டுவனவும் அம்மூன்றே.

பேசும் பொருளை ஒழுங்குபடுத்துதற்கும் பாயிர இலக்கணமே துணையாகும். ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நுதலிய பொருள், கேட்போர், பயன் முதலிய எட்டினைப் பாயிரம் கூறவேண்டும் என்பர். அவற்றுள் வேண்டுவனவற்றைக் கொண்டு, மேற்கூறிய கிணற்றுச் செய்தியையே எடுத்துக்காட்டாக விரித்துக் காணலாம். மாணவி ஒருத்தி தன் பெயரையும் ஊரையும் இரண்டு வாக்கியத்திற் கூறுகின்றாள். கடலோர நிலத்தில் நன்னீர், உவர்நீரின் மேலே மிதந்து நிற்கும் என்பதைத் தன் விஞ்ஞான ஆசிரியரிடம் கற்றதாகச் சொல்கின்றாள், இது வழி. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த பின் மாதந்தோறும் நீர்மட்டம் தாழ்வதையும், வேனிலின் முடிவில் நீர் உவர்க்கத் தொடங்குவதையும், முடிச்சிட்ட கயிற்றால் அளந்த முறையைக் காட்டி விளக்குகின்றாள், இது பொருள். அளவிற் பிழை நேர்ந்த இடத்தையும் மறைக்காது கூறுகின்றாள். நீரியல் கற்று, எக்காலத்தில் எவ்வளவு நீர் இறைக்கலாம் என ஊருக்குக் கணித்துச் சொல்ல விரும்புவதாக முடிக்கின்றாள், இது பயன். இவ்வுரையில் ஒரு புகழ்மொழியும் இல்லை. ஆயினும் கேட்பவர் அவளை அறிந்துகொள்வர்.

செயல் என்பது பரிசு பெற்றதாக இருக்கவேண்டும் என்பதில்லை. விடியலில் மாடு கறந்துவிட்டுப் பாடசாலை செல்லும் மாணவன் பால் கெடாமற் காக்கும் முறையை விளக்கலாம். தம்பிக்குக் கணிதங் கற்பித்த மாணவி, அவன் எந்த இடத்தில் தடுமாறினான், அதை எவ்வாறு தீர்த்தாள் என்று கூறலாம். ஒன்றையே எடுத்து அதனை முழுதுஞ் சொல்லுதல் நன்று. பத்தைத் தொட்டு ஒன்றையும் விளக்காமை வீண். சான்றிதழ்களும் பரிசுகளும் விண்ணப்பப் படிவத்தில் முன்னரே இருப்பன. அவற்றை மீண்டும் அடுக்குவதற்கு இரண்டு நிமிடம் பயன்படலாகாது.

ஈண்டு மிக நுண்ணியதொரு செய்தி உண்டு. திரியாய் போன்ற ஊர் மாணவரிடம், போரின் துயரத்தைச் சொன்னால் இரக்கம் பிறக்கும் என்று ஆலோசனை கூறுவோர் இருக்கக்கூடும். துயரத்தை மறைக்க வேண்டும் என்பதன்று. அது ஊரின் வரலாறு. ஆனால் இன்று உயர்தர வகுப்பிற் பயில்வோர் 2009ஆம் ஆண்டு போர் முடிந்தபோது குழந்தைகளாயிருந்தவர், அன்றேல் அப்போது பிறவாதவர். 1985ஆம் ஆண்டின் இழப்பு அவர்தம் பாட்டன் பாட்டியர் பட்டது. கேட்டறிந்ததைக் கேட்டறிந்ததாகவே சொல்லுதல் உண்மை. தான் பட்டதுபோலச் சொல்லுதல் பொய். பாட்டியின் கண்ணீரைப் படமாக்கி விண்ணப்பத்திற் சேர்ப்பது, அவர் மனமுவந்து இசைந்தாலன்றித் தகாது. இசைந்தாலும், அது மாணவியைப் பற்றி யாது கூறுகின்றது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். மீளக் குடியேறிய வீட்டின் கிணற்றைத் தூர் வாரிய கதையில் இழப்பும் இருக்கின்றது, அதன் பின் செய்ததும் இருக்கின்றது. இரக்கத்தை வேண்டுபவன் கேட்போர்க்குத் தாழ்ந்து நிற்கின்றான். செய்ததை அறிவிப்பவன் ஒப்ப நிற்கின்றான். கற்க வருபவன் ஒப்ப நிற்றலே நன்று.

மொழி பற்றிய அச்சமும் பலருக்கு உண்டு. ஆங்கிலத்திற் கற்பிக்கும் கல்லூரிக்கு ஆங்கிலத்திலேயே பேச வேண்டும். நிதானமாகப் பேசுவோர் இரண்டு நிமிடத்தில் ஏறத்தாழ 250 ஆங்கிலச் சொற்களையே சொல்ல முடியும். அது ஒரு பக்கத்துக்கும் குறைவு. அவ்வளவினைத் தானே எழுதி, ஆசிரியரிடம் பிழை திருத்தி, பின்னர் தாளைப் பாராது, கருத்தை மட்டும் நினைவிற் கொண்டு பேசிப் பழகுதல் முறை. இரவல் உச்சரிப்பு வேண்டியதில்லை. சொல் தெளிவாகக் கேட்டால் அமையும். கிணற்றடியில் தாயுடன் பேசும் ஒரு வாக்கியம் தமிழிலேயே வந்து, அதன் பொருள் ஆங்கில எழுத்திற் கீழே காட்டப்படுவதும் அழகே.

இனிப் பதிவு செய்யும் முறை. கைத்தொலைபேசி ஒன்றே போதுமானது. அதனைக் கிடையாக வைத்து, கண்ணின் உயரத்தில், செங்கல் அடுக்கின்மீதோ மேசையிற் புத்தக அடுக்கின்மீதோ அசையாது நிறுத்துக. ஒளி முகத்துக்கு எதிரே இருந்து வரவேண்டும். யன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் கருநிழலாகும். காலைப் பொழுதின் மென்மையான வெளிச்சம் சிறந்தது. நண்பகல் வெயில் கண்ணிற் குழி விழச் செய்யும். ஒளியினும் ஒலி முதன்மையானது. படம் சற்று மங்கினாலும் பொறுப்பர். சொல் கேளாவிடிற் பொறார். கடற்கரைக் காட்சி அழகாயினும் கடற்காற்று ஒலிவாங்கியிற் பட்டுப் பேச்சை விழுங்கும். ஆகையால், பேச்சை மின்விசிறி நிறுத்திய அறையுள் பதிந்து, வயலையும் கடலையும் தனியே எடுத்து இடையிற் சேர்த்தல் தக்கது. கைத்தொலைபேசியை இரண்டு முழ தூரத்துக்குள் வைத்தால் குரல் தெளிவாய்ப் பதியும். முதன்முறை பதிந்ததையே அனுப்பாது நாலைந்து முறை பேசிப் பார்த்து, மிக இயல்பானதைத் தெரிதல் வேண்டும். மிகச் செம்மையானது எப்போதும் மிக இயல்பானதாக இராது.

மிக உயர்ந்த தரத்திற் பதிந்தால் ஒரு நிமிடமே நூறு மெகாபைட்டைத் தாண்டலாம். வலுக்குறைந்த இணைய இணைப்பில் அதனை ஏற்ற மணிக்கணக்காகும். நடுத்தரத் தெளிவே இந்நோக்கத்துக்குப் போதும். இறுதி நாள் இரவுவரை காத்திராது சில நாட்கள் முன்னரே அனுப்புதல் அறிவுடைமை. காணொளியைப் பொதுத் தளத்தில் இட நேர்ந்தால், இணைப்பை அறிந்தவர் மட்டுமே காணும்படி அமைத்தல் வேண்டும். வீட்டு முகவரி, அடையாள அட்டை எண், பிறர் பிள்ளைகளின் முகம் ஆகியன அதில் இடம்பெறலாகாது.

இவ்வளவிலும் ஆசிரியரின் பங்கு சிறிதன்று. மாணவனுக்கு உரை எழுதிக் கொடுப்பது எளிது. அது அவனுடைய குரலைப் பறிப்பதாகும். கேள்வி கேட்டு அவனைப் பேச வைப்பதே அரிய உதவி. யாது செய்தாய், எவ்வாறு செய்தாய், எங்கே தவறினாய், அடுத்து யாது கற்க விரும்புகின்றாய் என்னும் நான்கு கேள்விகளுக்கு விடை கூறும் மாணவன், அறியாமலே தன் காணொளியின் உரையை ஆக்கி முடித்திருப்பான். பாடசாலை ஒவ்வொன்றும் உயர்தர வகுப்பினருக்கு ஆண்டுக்கு ஒரு முறை இப்பயிற்சியை அளிக்குமாயின், வெளிநாடு செல்வோர்க்கு மட்டுமன்றி, இங்கே நேர்முகத் தேர்வுக்கும் தொழிலுக்கும் செல்வோர்க்கும் அது பயன்படும்.

தெரிவு என்பது விண்ணப்பதாரனின் கையில் இல்லை. சிறந்த காணொளி அனுப்பியவனும் இடம் பெறாது போகலாம். இடம் பெற்றும் பணவுதவி கிடையாது போகலாம். மாணவனின் கையில் இருப்பது ஒன்றே: தன்னை அறியாதவர் முன் தன்னை உள்ளவாறு நிறுத்துதல். அதற்கு அஞ்சி வாயடைத்து நிற்பது அடக்கமன்று. அவ்வடக்கத்தின் எல்லையை எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே வரைந்து, அதற்கு அப்பால் மாணவன் பேசலாம் என்று வாயிலைத் திறந்து வைத்திருக்கின்றது நன்னூல்.